'புதையல்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்: வேலூர்ப் பக்கம் டப்பா தேடியவர்களின் அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து

ஜியோகேச்சிங் என்ற டப்பா தேடும் விளையாட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசும் சொற்களை ஒரே ராத்திரியில் படித்து முடித்துவிடலாம். ஆனால் அதில் ஒன்று கூட நடுமலையில் நம் தலையில் வந்து விழும் வரை புரிவதில்லை. எனக்கு 'மகிள்' என்ற சொல் ஒரு கடப்பாரையோடு வந்து புரிந்தது. அதைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

புதியவர்களுக்கு நாலு வரி. ஒருவர் டப்பா ஒன்றை ஒளித்துவைத்து, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். டப்பாவுக்குக் 'கேச்', தாளுக்கு 'லாக்', ஜிபிஎஸ் கொண்டுபோய் விடும் புள்ளிக்குக் 'கிரவுண்ட் ஜீரோ' என்று பெயர். இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாத எல்லோரும் 'மகிள்'. ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் தெரியாதவர்களுக்கு வைத்த பெயரைத்தான் இங்கே எடுத்துக்கொண்டார்கள்.

நானும் மச்சானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிழக்கே ஒரு பாறை மலையில் ஏறினோம். கேச்சின் இணையப் பக்கத்தில் கஷ்டம் 2, டெரெய்ன் 3.5 என்று போட்டிருந்தது. கண்டுபிடிக்க எவ்வளவு திணற வேண்டும் என்பது முதல் எண். போய்ச் சேர எவ்வளவு மூச்சு வாங்கும் என்பது அடுத்தது. இரண்டுமே 1 முதல் 5 வரை அரை அரையாக ஏறும். குறிப்பு இங்கிலீஷில் 13 எழுத்து தள்ளி எழுதியிருந்தது, A என்றால் N. பிரித்துப் படித்தால் 'இயல்பில்லாத கல் குவியல்' என்று வந்தது. இதுவும் இவர்களின் குழூஉக்குறிதான். காட்டுக்குள் யாரோ கையால் அடுக்கியது போலக் கல்லோ குச்சியோ குவிந்திருந்தால் அதற்கு அடியில் டப்பா இருக்கும் என்று அர்த்தம். மரங்கள் நிறைந்த ஊரில் அது சரி. நம்ம ஊரை 'மரமில்லா மலை, நீரில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை' என்றுதானே சொல்வார்கள். ('சாமி இல்லாத கோயில்' என்பதும் அதில் சேர்த்தி. 1981இல் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்ததோடு அதை அடித்துவிட்டோம்.) அந்த மலையே ஒரு கல் குவியல். அதில் இயல்பில்லாததை எங்கே போய்த் தேடுவது?

அரை மணி நேரம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

"இன்னாபா தேடறீங்க?"

மச்சான் வாய் சும்மா இருக்கவில்லை. "புதையல் தேடுற விளையாட்டு தாத்தா" என்றான்.

'விளையாட்டு' காற்றோடு போய்விட்டது, 'புதையல்' மட்டும் அவர் காதில் நின்றது. மலைமேல் கோட்டை இருக்கிற ஊர் இது. சுரங்கப் பாதைக் கதை கேட்காமல் வளர்ந்த பிள்ளை யாராவது உண்டா? கால் மணி நேரத்தில் ஆறு பேர் மேலே வந்துவிட்டார்கள், ஒருவர் கையில் கடப்பாரை. அதில் ஒரு அண்ணன் மட்டும் சந்தேகமாகவே பார்த்தார். "சிலை தூக்கற கும்பலா நீங்க?" என்று கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. போனை நீட்டி, வரைபடத்தைக் காட்டி, ஊர், தெரு, அப்பா பேர் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

நல்ல வேளை, அந்தப் பதற்றத்திலேயே மச்சான் காலடியில் டப்பா தட்டுப்பட்டது. ஆறு பேர் சூழ நிற்க மூடியைத் திறந்தோம். ஒரு ரப்பர் டைனோசர், இரண்டு கோலிக்குண்டு, ஏதோ வெளிநாட்டுச் சில்லறை, ஒரு நோட்டு. இவற்றுக்கு 'ஸ்வாக்' என்று பெயர். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். யாரும் எதையும் எடுக்கவில்லை. பெரியவர் மட்டும் டைனோசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இந்த வெயில்ல ஏறுனீங்க?" என்றார்.

இந்த விளையாட்டில் நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் கேச்சை மண்ணுக்குள் புதைக்கவோ, அதற்காகத் தோண்டவோ கூடாது என்பது கண்டிப்பான விதி. ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் கேச் பாதி புதைத்து வைத்த ஒரு வாளி! ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே 2 அன்று நிறுத்தியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் அந்த வாளியை வைத்தார். உள்ளே புத்தகம், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். அதைப் பார்த்திருந்தால் தாத்தா கவணையாவது எடுத்துக்கொண்டிருப்பார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் 'டப்பா தேடுறோம்' என்றுதான் சொல்கிறேன். டப்பாவுக்காக யாரும் கடப்பாரை தூக்குவதில்லை.

சேண்பாக்கத்திலிருந்து

தம்பி, நீங்கள் உண்மையைச் சொல்லி மாட்டினீர்கள், நான் பொய் சொல்லி மாட்டினேன்.

பெண்ணாகத் தனியாக ஒரு சந்தில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். அதனால் கையில் எப்போதும் ஒரு சாக்கு வைத்திருப்பேன். அன்றைக்கு ஒரு பூங்காச் சுவர் ஓரம் தேடும்போது பூக்கார அம்மா கேட்டார், "தோடு விழுந்திடுச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "தங்கமா?" என்றார். யோசிக்காமல் தலையாட்டினேன்.

பூக்கடை ஒரு பக்கம் கிடக்க அவரே இறங்கிவிட்டார். இளநீர்க்காரர் வந்தார், ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் துடைப்பமே கொண்டுவந்து தெருவைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். என் இரண்டு காதிலும் தோடு இருந்தது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு வெயிலைக் குறை சொல்லிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு பொடியன் சுவர் ஓட்டையிலிருந்து பழைய ஃபிலிம் டப்பா ஒன்றை உருவிக்கொண்டு வந்தான். "அக்கா, தோடு இல்ல. இதான் இருந்துச்சு."

அதுதான் கேச். அவன் கையிலிருந்து வாங்கி லாக்கில் எழுதினேன். கண்டுபிடித்தது நானா அவனா என்று இன்றுவரை சந்தேகம். பூக்கார அம்மாவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் "கெடச்சுதாம்மா?" என்று கேட்கிறார். கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அதற்கு வேண்டிக்கொண்டாராம்.

இன்னொன்று. 'மகிள்' என்ற சொல் எனக்கு முதலில் 'மக்கள்' என்றேதான் காதில் விழுந்தது. திருத்திக்கொள்ளவில்லை.

காட்பாடியிலிருந்து

என் கணக்கில் டிஎன்எஃப்தான் ஜாஸ்தி. தேடினேன், கிடைக்கவில்லை என்று பதிவு போடுவது. நம் ஆட்கள் பலர் வெட்கப்பட்டு இதைப் போடுவதே இல்லை, அது தப்பு. வரிசையாக நாலு டிஎன்எஃப் விழுந்தால்தான் ஒளித்துவைத்தவருக்கு டப்பா போய்விட்டதோ என்று சந்தேகம் வரும், போய்ப் பார்ப்பார். நான் ஒரே 'நானோ'வுக்கு மூன்று தடவை போட்டேன். நானோ என்றால் நிலக்கடலைப் பருப்பு அளவு, அடியில் காந்தம். இரும்புக் கம்பி வேலியில் போல்ட்டோடு போல்ட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. நாலாவது தடவை சாய்ந்து நின்று டீ குடிக்கும்போது கையில் வந்தது.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வீடியோக்களில் விளக்குக் கம்பத்தின் அடியில் இருக்கும் இரும்புக் கூட்டைத் தூக்கி டப்பாவை எடுப்பார்கள். அதற்கென்று ஒரு சுருக்கப் பெயரே உண்டு. அதைப் பார்த்துவிட்டு நம் ஊர்க் கம்பத்தின் அடியில் கையை விடாதீர்கள். அங்கே இருப்பது ஒயர்.

ஆம்பூரிலிருந்து

'பிஒய்ஓபி' என்று போட்டிருந்தால் பேனாவை நாமே கொண்டுபோக வேண்டும். நான் கொண்டுபோகவில்லை. பிரியாணிக் கடை கல்லாவில் கடன் வாங்கிய பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஆற்காட்டிலிருந்து

எனக்கு மனிதர்களால் பிரச்சினை இல்லை, கணக்கால்தான். 'மல்டி' என்று ஒரு வகை உண்டு. முதல் இடத்தில் ஒரு விவரத்தைப் பிடித்து, அதிலிருந்து அடுத்த இடத்தின் எண்ணைக் கணக்கிட வேண்டும். கிளைவ் ஆற்காட்டைப் பிடித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அட்சரேகையில் போடச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர் டெல்லி கேட் பக்கத்திலேயே வளர்ந்தவன் என்ற மிதப்பில் யாரையும் கேட்காமல் 1757 என்று எடுத்துக்கொண்டேன். அது பிளாசிப் போர். நம்முடையது 1751.

ஒன்று ஏழானால் என்ன ஆகும்? இந்த எண்களில் நிமிஷத்துக்கு (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) பிறகு மூன்று தசம இடம் வரும். கடைசி இடத்தில் ஒன்று பிசகினால் 1.85 மீட்டர்தான், கையை நீட்டினால் எட்டிவிடும். என் இலக்கம் தசமத்தின் முதல் இடத்தில் உட்கார வேண்டியது. அங்கே ஆறு கூடினால் 1.1 கிலோமீட்டர் வடக்கே போய்விடும். அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு நடந்தேன், பாலாற்றின் நடு மணலில் போய் நின்றேன். நீரில்லா ஆறாக இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ஆற்காட்டுக்காரரே, மச்சான் உங்களைப் படித்துவிட்டுத் தன்னை விட மேலான ஆள் இருப்பதில் சந்தோஷப்படுகிறான்.

அந்த மலைக்கு மறுபடி போய்வந்தேன். மழைக்குப் பிறகு மூன்று பேர் டிஎன்எஃப் போட்டிருந்தார்கள், டப்பா 'மகிள்டு' ஆகிவிட்டது என்றே நினைத்தோம். அதாவது தெரியாதவர் யாரோ தூக்கிப் போய்விட்டார். பெரியவர் ஆடுகளோடு அங்கேயேதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் மடியிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். "தண்ணி பூந்துடும்னு நாந்தான் எடுத்தாந்து வூட்ல வச்சிருந்தேன். யாருன்னா வருவீங்கன்னு தெனமும் கொண்டாறேன்." நோட்டு ஒரு சொட்டு நனையவில்லை. டைனோசரைக் காணோம், அதற்குப் பதில் ஒரு ஆட்டு மணி.

டப்பாவை வைத்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, 'கல் குவியல்' என்பதை அழித்துக் குறிப்பை மாற்றிவிட்டார்: 'ஆட்டுக்காரத் தாத்தாவைக் கேளுங்கள்.' தமிழில் எழுதியதால் 13 எழுத்து தள்ளும் வித்தை அதில் செல்லவில்லை. எல்லோரும் நேராகவே படித்துக்கொள்ளலாம்.