பழைய பேப்பர் பற்றன் கவர்களில வரைஞ்ச ஆளின்ர பேரை எங்க தேடுறது?

உப்புவெளி_மெசின் கேட்டது:

வணக்கம். திருகோணமலையில ஒரு பழைய தையற்கடையைக் காலி பண்ணேக்க ஒரு தகரப்பெட்டி நிறைய வெளிநாட்டு பேப்பர் பற்றன் (துணியில வைச்சு உடுப்பு வெட்டுற தாள்) கிடைச்சது. மொத்தம் 23 கவர்: சிம்பிளிசிட்டி 9, பட்டரிக் 6, மக்கோல்ஸ் 4, வோக் 3. மிச்சம் ஒண்டு கவர் கிழிஞ்சு கொம்பனிப் பேரே இல்லாமக் கிடக்கு. சிலதில விலை சென்ற்ஸில, சிலதில ஷில்லிங்கில. பாடசாலை மனையியல் கண்காட்சிக்கு வைக்கப்போறம். ஒவ்வொண்டுக்கும் கீழ "வடிவமைத்தவர், படம் வரைந்தவர்" எண்டு எழுதோணும். ஆனா வோக் ஒண்டில "பால்மாங்" எண்டு இருக்கிறதைத் தவிர எதிலயும் பேர் இல்லை. ஆண்டையாவது பிடிக்கலாமா?

இன்னும் ரெண்டு. அந்தப் பேரில்லாக் கவருக்குள்ள இருக்கிற தாளில ஒரு எழுத்தும் இல்லை, ஓட்டை மட்டும்தான். பழுதானதோ? அதில 14 சைஸ் எண்டு போட்டிருக்கு. அதை வெட்டித் தைச்சும் காட்ட யோசனை.

நூல்கண்டு:

தங்கச்சி, அந்தக் கவர்களில கையெழுத்து எண்டா அது நாலு இலக்க நம்பர்தான். ஒரு ஃபிறொக் பற்றன் எத்தனை பேரின்ர கையால வருது எண்டு பாருங்கோ: ஸ்கெச் போடுற ஆள், அதைத் தாளில விரிக்கிற பற்றன் மேக்கர், மஸ்லினில தைச்சுப் பாக்கிற ஆள், சைஸ் கூட்டிக் குறைக்கிற ஆள், விளக்கத்தாள் எழுதுற ஆள், அதுக்குக் கோட்டுப்படம் போடுற ஆள், கடைசியா கவருக்கு வடிவான பொம்பிளையை வரையிற ஆள். எல்லாருக்கும் சம்பளம், பேர் கொம்பனிக்கு. அதால "வடிவமைத்தவர்" எண்டு ஒரு பேரைப் போட்டா, பேர் தெரிஞ்சாலும் அரைவாசிதான் சரி.

தொடங்கின ஆக்களிலயே இந்தக் கதை இருக்கு. 1863இல மாசசூசெட்ஸ் ஸ்டேர்லிங் ஊரில எபனேசர் பட்டரிக் எண்ட தையற்காரர் சைஸ் சைஸா பற்றன் விக்கத் தொடங்கினார். அந்த யோசனை மனுசி எலனின்ர எண்டு கொம்பனியே சொல்லுது, ஆனா கவரில ஏறினது புருசன்ர பேர். வோக் பற்றனும் அப்பிடித்தான். 1899இல ரோசா பேன் எண்ட பெண் வீட்டு மேசையில கையால வெட்டினவா. வோக் பத்திரிகையில வந்த கூப்பனோட 50 சென்ற் அனுப்பினா பற்றன் தபாலில வரும். இண்டைக்கு அவவின்ர பேர் எத்தினை பேருக்குத் தெரியும்?

உங்கட பால்மாங் கவர் வேற ரகம். 1949இல வோக் "பாரிஸ் ஒரிஜினல்" எண்டு ஒரு வரிசையைத் தொடங்கி, பால்மாங், ஜாக் ஃபாத், ஸ்கியாபரெல்லி, லான்வின் எண்டு 8 பாரிஸ் தையலகங்களின்ர பேரைக் கவரில போட்டது. உடுப்புக்குள்ள வைச்சுத் தைக்க ஒரு துணி லேபிளும் அதோட வரும். கவருக்குள்ள கை விட்டுப் பாருங்கோ, அது கிடந்தா பெரிய அதிர்ஷ்டம். ஆனா ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ: உடுப்பு பால்மாங்கின்ர, தாள் வோக்கின்ர. சாதாரண பெண்கள் வீட்டில தைக்கக்கூடிய மாதிரி அதைத் தாளில இறக்கின கைக்குப் பேர் இல்லை. 1964இல பட்டரிக்குக்கு வந்த, லண்டன் வடிவமைப்பாளர் மேரி குவான்ற்றின்ர பற்றன்களும் இதே மாதிரிதான்.

ஆண்டு பிடிக்க, முதல் கவரை விட்டிட்டு விளக்கத்தாளின்ர அடியைப் பாருங்கோ. சிம்பிளிசிட்டியில பதிப்புரிமை ஆண்டு கனவேளை அங்கதான் இருக்கும். பழைய மக்கோல்ஸில கவரிலயே ஆண்டு இருக்கும். அமெரிக்க விலாசத்தில 5 இலக்க ஸிப் கோட் (தபால் குறியீடு) இருந்தா 1963க்கு முந்தினது இல்லை. நம்பரை மட்டும் நம்பாதேங்கோ. கொம்பனிகள் நம்பர் முடிய திரும்ப அடியில இருந்து தொடங்கும், ஒரே நம்பரில ரெண்டு காலத்துப் பற்றன் இருக்கும். அமெரிக்காவில றோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில வணிகப் பற்றன்களுக்கெண்டே ஒரு ஆவணக்காப்பகம் இருக்கு. நம்பரையும் படத்தையும் சேத்து ஒப்பிட அதுதான் இடம்.

ஷில்லிங் விலை எண்டா இங்கிலாந்துச் சந்தைக்குப் போனது. 1957 வரைக்கும் பிரித்தானிய நேவி இருந்த ஊரில அது கிடைக்கிறது ஒரு புதினமே இல்லை.

காடாத்துணி:

ஓட்டைத் தாள் பழுதில்லை. அச்சிடாத பற்றன் அப்பிடித்தான். அடுக்கடுக்கா தாளை வைச்சு ஒரே வெட்டில வெட்டி, ஓட்டையும் ஒரே குத்தில போடுவினம். 1920கள் தொடக்கம் மக்கோல்ஸ் அச்சிட்ட தாள் விக்க, மற்றக் கொம்பனிகள் கன காலம் ஓட்டையோட இருந்தது. வோக் 1950களின்ர நடுப்பகுதி வரைக்கும் மாறவே இல்லை.

வாசிக்கிறது இப்பிடி. ஓட்டையா குத்தின எழுத்து அந்தத் துண்டின்ர பேர். நேர்கோட்டில வாற பெரிய ஓட்டைகள் கனவேளை நூலோட்டம், துணியின்ர கரைக்குச் சமாந்தரமா வைக்கோணும். கூம்பு மாதிரிச் சேருற சின்ன ஓட்டைகள் டாட் (உடம்புக்குப் பொருந்த மடிச்சுத் தைக்கிற இடம்). விளிம்பில உள்ள சின்ன வெட்டுகள் ஒண்டோட ஒண்டு பொருந்த. கவனம், ஓட்டையின்ர அர்த்தம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். விளக்கத்தாளின்ர மேல் மூலையில எந்த ஓட்டை எதுக்கு எண்ட குறிப்பு இருக்கும், அதைப் பாக்காம கத்தரியைத் தூக்காதேங்கோ. மடிப்புக் கோட்டை நூலோட்டம் எண்டு நினைச்சு வெட்டினா முன்பக்கம் நடுவால ரெண்டாப் போகும்.

அடுத்தது சைஸ். 14 எண்டதை அப்பிடியே நம்பினா உடுப்பு ஏறாது. அமெரிக்கப் பற்றனில 14 எண்டா 1956க்கு முதல் மார்பளவு 32 அங்குலம், 1956க்குப் பிறகு 34, 1968இல வந்த புது அளவில 36. கவரில மார்பளவு தனியா இருக்கும், அதைப் பாருங்கோ. பிறகு தாளையே அளவுங்கோ. முன் பாதி 9¼, பின் பாதி 8¾ எண்டு வந்தா (தையலுக்கு விட்ட இடத்தைக் கழிச்ச பிறகு) கூட்டி ரெண்டால பெருக்க 36. மார்பு 32 எண்டா 4 அங்குலம் தளர்வு, நல்லது. தையலுக்கு விடுற இடமும் எல்லாத்திலயும் 5/8 இல்லை, பழசில 3/8உம் 1/2உம் இருக்கு.

துணிக் கணக்கு 35 அல்லது 36 அங்குல அகலத்துக்குப் போட்டது. இப்ப கடையில 45 அகலச் சீத்தை எடுத்தா கணக்கைக் கேட்டு வாங்காதேங்கோ, துண்டுகளை நிலத்தில பரப்பிப் பாத்து வாங்குங்கோ. முதல் காடாத் துணியில ஒண்டு வெட்டித் தைச்சு, சரியெண்டா மட்டும் நல்ல துணியில கை வைங்கோ.

கவர்ப் படத்தைப் பாத்து ஏமாறாதேங்கோ. மனுசர் ஏழரைத் தலை உயரம், அந்தப் பொம்பிளையளை 9 தலைக்கு மேல இழுத்து வரைஞ்சிருப்பினம். அதால இடுப்பு மேல ஏறி, பாவாடை நீண்டு தெரியும். உண்மையான வெட்டு கவரின்ர பின்பக்கத்தில இருக்கிற சின்னக் கோட்டுப்படத்தில. என்னைக் கேட்டா, அதை வரைஞ்ச ஆள்தான் மற்றப் படக்காரரை விடக் கெட்டிக்காரர்.

உப்புவெளி_மெசின்:

நன்றி அண்ணா, அக்கா. விளக்கத்தாள் இருக்கு, ஆனா மடிப்புகளில நாலாக் கிழிஞ்சிட்டுது. செலோரேப் ஒட்டலாமா? ஒரு துண்டில துருப்பிடிச்ச குண்டூசியும் நிக்குது.

அயன்_சூடு:

செலோரேப் வேண்டவே வேண்டாம். ரெண்டு மூண்டு வருசத்தில பசை மஞ்சளாகி தாளுக்குள்ள ஊறும், பிறகு எடுக்கேலாது. கிழிஞ்ச துண்டுகளை அப்பிடியே சேத்து வைச்சு, 600 டிபிஐயில ஸ்கான் பண்ணுங்கோ. ஒட்டித்தான் ஆகோணும் எண்டா மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமைமாப் பசையும்.

குண்டூசியை இழுக்காதேங்கோ. துரு தாளோட பிடிச்சிருந்தா தாளைத் தட்டையா வைச்சு, ஊசியை அதின்ர நீளப்பக்கமா மெதுவா உருட்டி நகத்துங்கோ. அசையாட்டி விட்டிடுங்கோ, ஓட்டையை விட ஊசி பரவாயில்லை.

மடிப்பு எடுக்க, ஆகக் குறைஞ்ச சூட்டில, நீராவி இல்லாம, மேல ஒரு வெள்ளைத் துணி போட்டு அயன். நீராவி பட்டா அந்த மெல்லிய டிசூத் தாள் சுருங்கி அளவே மாறும். பிறகு பிரவுண் பேப்பரில ட்ரேசிங் வீலால பிரதி எடுத்து, வெட்டுறதைப் பிரதியில வெட்டுங்கோ.

இதை ஆனி, ஆடிக் கச்சான் காத்தில செய்யாதேங்கோ. தாள் அப்பளம் மாதிரிக் காஞ்சு, விரிக்கேக்கயே மடிப்பில உடையும். ஃபானையும் நிப்பாட்டுங்கோ. மாரியில எதிர்ப் பிரச்சினை, கடற்கரை ஈரத்தில தகரப்பெட்டி துருப்பிடிச்சுத் தாளில இறங்கும். மட்டைப்பெட்டிக்கு மாத்தி சிலிக்கா ஜெல் போடுங்கோ, நிறம் மாறின உடன ஜெல்லை மாத்துங்கோ. பூச்சி உருண்டை தாளில படக்கூடாது. பிவிசி உறையும் வேண்டாம்.

கண்காட்சியில கவரின்ர கலர்ப் பிரதியை வைங்கோ. வெயில் விழுற யன்னல் பக்கம் அசல் ஒரு நாள் கூட வேண்டாம்.

நூல்கண்டு:

ஸ்கான் பண்ணினா பாவாடை விளிம்பையும் சப்பாத்துப் பக்கத்தையும் பெருப்பிச்சுப் பாருங்கோ, ஓவியர் ஒப்பம் இருந்தா அங்கதான் ஒளிச்சிருக்கும். இல்லாட்டி, சப்பாத்தையும் கை விரலையும் ஒண்டோட ஒண்டு ஒப்பிடுங்கோ. 9 சிம்பிளிசிட்டியில 3 ஒரே கை எண்டு தெரிஞ்சா அதைச் சேத்து வைங்கோ, ஆனா பேர் ஊகிச்சு எழுதாதேங்கோ.

அட்டைக்கு இது போதும்: கொம்பனி, நம்பர், ஆண்டு, மார்பளவு, விலை. அதுக்குக் கீழ "ஓவியர், பற்றன் மேக்கர்: பேர் அச்சிடப்படவில்லை". பால்மாங்கில மட்டும் "உடுப்பு: பால்மாங் தையலகம். பற்றன்: வோக்". அந்தத் துணி லேபிள் கிடைச்சா படம் ஒண்டு இங்க போடுங்கோ.