மூன்றாம் மாடி, ஒரே பால்கனி: காய்கறிக் கழிவை வீட்டிலேயே உரமாக்க முடியுமா?

நித்தியமல்லி (வேளச்சேரி) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரியில் மூன்றாவது மாடி, வீட்டில் நான்கு பேர், ஒரே ஒரு பால்கனி, அதிலும் பாதி துணி காயப்போடும் கொடிக்கே போய்விடுகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அந்தப் புகையில் என் வீட்டு வாழைக்காய்த் தோலும் இருக்கிறது என்ற எண்ணம் அன்றைக்கு மனதில் விழுந்ததுதான், இன்னும் போகவில்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பதோடு நிறுத்தாமல் மக்குவதையாவது வீட்டோடு முடித்துவிட வேண்டும் என்று போன மாதம் பழைய பெயின்ட் பக்கெட்டில் ஓட்டை போட்டு ஆரம்பித்தேன். காய்கறித் தோல், டீத்தூள், மிச்சம் சோறு, மேலே கொஞ்சம் கோகோபீட், அதான் தேங்காய் நார்த் தூள். பத்து நாள் வரை சரியாகப் போனது. அப்புறம் நாற்றம். வெள்ளை வெள்ளையாகப் புழு. பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்கிற அளவுக்கு ஆனதும் மாமியார் "இது வேண்டாம்மா" என்றார், அவர் சொன்னதிலும் தப்பில்லை, எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டேன். மழைக்காலம் வேறு தொடங்கப்போகிறது. இதே இடத்தில் நாற்றம் இல்லாமல் செய்ய முடியுமா, இல்லை தோட்டம் இருப்பவர்களுக்கு மட்டும்தானா? உரம் போடுவதற்கென்றே கடையில் விற்கிற அடுக்குப் பானை வாங்கித்தான் ஆக வேண்டுமா?

மண்பானை (நங்கநல்லூர்):

முடியும்மா, தாராளமாக முடியும். ஆறு வருடமாக சமையலறையை ஒட்டிய சின்ன சர்வீஸ் பால்கனியில் செய்துகொண்டிருக்கிறேன், பானையும் வேண்டாம், பெயின்ட் பக்கெட்டே போதும். உங்கள் பக்கெட்டில் நடந்தது என்னவென்றால் ஈரம் அதிகம், காற்று இல்லை. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது வடிய வழியில்லாமல் அடியில் தேங்கினால் காற்று தேவைப்படாத நுண்ணுயிரிகள் கிளம்பிவிடும், அவைதான் அந்த அழுகல் நாற்றத்துக்குக் காரணம். கிடங்கில் மலைபோல் குவிந்த குப்பைக்குள் நடப்பதும் இதேதான், காற்று புகாத இடத்தில் மீத்தேன் உண்டாகிறது, அது தீப்பிடிக்கும் வாயு.

நான் செய்வது இப்படி. பக்கெட்டின் அடியிலும் சுற்றிலும் ஓட்டை, அடியில் ஒரு தட்டு. முதலில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை. சின்னதாக நறுக்கிய கழிவை ஒரு கிண்ணம் போட்டால் அதே கிண்ணத்தில் இரண்டு கிண்ணம் காய்ந்த இலை, கழிவு கண்ணுக்குத் தெரியாதபடி மூடிவிட வேண்டும். இந்த மூடுகிற வேலையை ஒரு நாள்கூட விடக்கூடாது, ஈ வந்து முட்டையிடுவது திறந்து கிடக்கிற கழிவில்தான். ஆரம்பத்தில் ஒரு கை பழைய தொட்டி மண்ணோ புளித்த மோரோ சேர்த்தால் சீக்கிரம் மக்கத் தொடங்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள், உருண்டையாக நின்று ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வராவிட்டால் ஈரம் சரி. தண்ணீர் ஒழுகினால் இலை சேருங்கள், எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, லேசாகத் தெளியுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு வந்துவிடும்.

சோற்றை விட்டுவிடுங்கள், குறைந்தது முதல் வாளி முடியும்வரை. எண்ணெய்ப் பலகாரம், மீன் முள், கறி எதுவும் வேண்டாம், பூனை வரும். இளநீர் மட்டையும் மாங்கொட்டையும் வாளிக்குள் சீக்கிரம் மக்காது.

புங்கநிழல் (பெரம்பூர்):

மண்பானை அக்கா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு, ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கோகோபீட்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். தெருவில் புங்கை, தூங்குமூஞ்சி, வாதாம் என்று எத்தனை மரம் இருக்கிறது, அந்தச் சருகை மூலையில் கூட்டிக் கொளுத்துவதை எத்தனை காலையில் பார்த்திருப்போம், அந்தப் புகை நமக்குத்தான் வருகிறது. எங்கள் தெருவைக் கூட்டுகிற அம்மாவிடம் கேட்டேன், வாரம் ஒரு சாக்கு எனக்காகக் கட்டி வைத்துவிடுகிறார், தீபாவளிக்கு அவருக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். மழை தொடங்குவதற்கு முன்பே மூன்று நான்கு சாக்கு சேர்த்து நனையாத இடத்தில் வைத்துவிடுங்கள், ஐப்பசி வந்துவிட்டால் காய்ந்த இலைக்கு அலைய வேண்டியிருக்கும். போன வருடம் நான் அப்படித்தான் கார்ட்டன் அட்டையைக் கிழித்துப் போட்டுச் சமாளித்தேன், அதுவும் நன்றாகவே மக்குகிறது.

புழுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தட்டையாக, கொஞ்சம் பெரிதாக இருந்தால் அது பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், வளர்ந்த ஈ கடிக்காது, சாப்பாட்டைத் தேடி வந்து மொய்க்கவும் செய்யாது. ஆனாலும் மாமியாருக்குப் பிடிக்காது என்பது புரிகிறது, இலையைக் கூட்டுங்கள், குறைந்துவிடும்.

இன்னொரு விஷயம். ஈரக் கழிவு வெளியே போகாவிட்டால் குப்பை டப்பாவுக்குக் கறுப்பு கவரே தேவைப்படாது. எங்கள் வீட்டில் அந்தக் கவர் வாங்குவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது, மிச்சக் குப்பை எல்லாம் காய்ந்ததுதான், டப்பாவை அப்படியே கவிழ்த்துவிடலாம்.

நித்தியமல்லி:

ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். மூடுகிற விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் மேலே ஒரு கைதான் தூவினேன். ஒரு சந்தேகம், உரத்தை ஈரமாக வைத்துக்கொள்ளவும் செடிகளுக்கும் குடிதண்ணீர் சுத்தம் செய்கிற ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீர் ஊற்றலாமா? தினமும் இரண்டு வாளி சும்மா போகிறது, 2019 கோடைத் தட்டுப்பாட்டில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவள், பார்க்கப் பொறுக்கவில்லை.

மண்பானை:

உரத்துக்கும் தொட்டிக்கும் தினமும் வேண்டாம்மா. மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் போகிறது, தென்சென்னை போர்வெல் தண்ணீரே உப்பு, தொட்டி மண்ணில் அது சேர்ந்துகொண்டே போய் இலை நுனி கருகும். தரை துடைக்க, கழிவறைக்கு, பாத்திரத்தை முதல் அலசல் அலச அதைப் பிடித்து வையுங்கள். செடிக்கு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நல்லது, காற்றிலிருந்து குளிர்ந்து வருவதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. மழைக்காலத்தில் எதுவும் தேவையில்லை, வாளியை மட்டும் சாரல் படாத பக்கம் தள்ளிவையுங்கள்.

கடல்காற்று (திருவான்மியூர்):

படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சேர்க்கிறேன். வாளி இரண்டு வையுங்கள். ஒன்று நிறைந்ததும் மூடி ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்கினால்தான் முதல் வாளி முழுசாக மக்கும், ஒரே வாளியில் மேலே மேலே போட்டுக்கொண்டிருந்தால் எப்போது எடுப்பது என்றே தெரியாது. வாளிக்குள் போட்டது மக்க மக்கத் தானாக அமிழ்ந்துவிடும்.

நித்தியமல்லி:

இன்று காலை எங்கள் தெருவைக் கூட்டுகிற அம்மாவிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார், பாதி புங்கை இலை, பாதி வேப்பிலை. வேப்பிலை சேர்த்தால் மக்குவது தாமதமாகுமா, யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

புங்கநிழல்:

போட்டிருக்கிறேன், நன்றாகவே மக்கியது. மற்ற இலையோடு கலந்தே போடுங்கள். ஈர்க்குச்சியை மட்டும் உதிர்த்துவிடுங்கள், கிளறும்போது சிக்கும்.