ஒரே ராத்திரியில் அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்கும் வந்தது, இதயமும் நின்றது

போன வாரம் ஊரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். 42 வயதுக்காரர். "ஹார்ட் அட்டாக்காமா, பட்டுனு போயிட்டாராம்" என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். விசாரித்தால், வண்டியை விட்டு இறங்கியவர் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கிறார். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடிப்படைக் காரணம் ஹார்ட் அட்டாக்காக இருந்திருக்கலாம், வேறாகவும் இருந்திருக்கலாம். ஆனால் விழுந்த அந்த நொடியில் நடந்தது கார்டியாக் அரெஸ்ட், அதாவது இதயம் நின்றுபோவது. நாம் இரண்டையும் ஒரே பேரில் சொல்லிப் பழகிவிட்டோம். பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது இரண்டுக்கும் வேறு வேறு. அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

எங்களுக்குக் காங்கயம் பக்கம் தோட்டம். அப்பாவுக்கு அப்போது 61 வயது. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவர், நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். "வாய்வுதான் கண்ணு, ஒரு சோடா வாங்கியா" என்று அவரே சொன்னார். சோடா குடித்தார், ஓமத்தண்ணீர் குடித்தார். அம்மா முதுகில் தைலம் தேய்த்துவிட்டார். மார்கழிக் குளிரில் அவர் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. இடது தாடையை வேறு பிடித்துக்கொண்டே இருந்தார், பல்வலி என்று நினைத்தோம். அப்படியே நாலு மணி நேரம் போய்விட்டது. இதை எழுத இன்னும் கை வரவில்லை.

ஒரு மணிக்கு அவரே வேட்டி மாற்றி, கட்டுத்தரையில் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார். பேசினார், நடந்தார். ஹார்ட் அட்டாக்கில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதயத்தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் தசை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கப் படுக்க வைத்தார்கள். நர்ஸம்மா "ஐயா, எந்த ஊருங்க?" என்று கேட்டார். அப்பா ஊர்ப் பெயரைப் பாதி சொன்னார். மீதி வரவில்லை. கண் மேலே செருகியது, குறட்டை மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். திரையில் கோடு கோழி சீய்ச்ச மாதிரி ஆகிவிட்டது. நர்ஸம்மா ஸ்டூலில் ஏறி நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். முதல் ஷாக்கில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, "லைட்டை எதுக்கு நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

அது கார்டியாக் அரெஸ்ட். அடைப்பால் அடிபட்ட தசையில் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்குகிறது. ரத்தம் வெளியே போகாது, சில நொடிகளில் நினைவு போய்விடும். அப்பா இப்போது பார்க்க வருகிறவர்களிடம் சொல்வது: "முதல்ல சொட்டுநீர்க் குழாய் அடைச்சுதுங்க. அப்புறம் ஒரு ஃபேஸ் போயிருச்சு. மோட்டார் உறுமுச்சு, சுத்தலைங்க." டாக்டர் சொன்னதைவிட எனக்கு இதில்தான் புரிந்தது.

அன்றைக்கே ஸ்டென்ட், அதாவது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைத்தார்கள். ஆனால் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னுள் இருக்கும் ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு, 40 சதவீதம்தான். 55-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்கே கிளம்பியிருந்தால் எவ்வளவோ தசை தப்பியிருக்கும்.

பள்ளிபாளையத்திலிருந்து:

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் தறிக்குடோனில் ஒரு அண்ணன் பாவு பிணைத்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தோம், முகத்தில் தண்ணீர் தெளித்தோம். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வாயைத் திறந்து இழுத்தார். "மூச்சு இருக்குது, மூச்சு இருக்குது" என்று நானே கத்தினேன். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

அப்படி வாய் இழுப்பது மூச்சே இல்லை, இதயம் நின்றவருக்கு வரும் இழுப்பு என்று பிற்பாடு ஒரு பயிற்சியில் சொன்னார்கள். தட்டிக் கூப்பிட்டு அசைவு இல்லை, மூச்சு ஒழுங்காக இல்லை என்றால் உடனே நெஞ்சை அமுக்க வேண்டும். நாலைந்து நிமிடம் ரத்தம் போகாவிட்டாலே மூளை கெட ஆரம்பித்துவிடுமாம். எட்டுப் பேர் சுற்றி நின்றோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை.

திருப்பூரிலிருந்து:

எங்களுடையது அடைப்பே இல்லாத கதை. 2021 ஜூனில் யூரோ கோப்பைக் கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க் வீரர் எரிக்சன் மைதானத்தில் விழுந்ததை நேரலையில் பார்த்தேன். அவருக்கு நடந்ததும் கார்டியாக் அரெஸ்ட்தான். அங்கேயே அமுக்கி, ஷாக் கொடுத்து மீட்டார்கள். அதைப் பார்த்துத்தான் நான் சி.பி.ஆர்., அதாவது நெஞ்சை அமுக்கும் முதலுதவி, கற்றுக்கொண்டேன். மறுவருடம் ஷட்டில் ஆடும்போது எங்கள் கூட்டாளி ஒருவர், 36 வயது, சர்வீஸ் போடப் போனவர் அப்படியே குப்புற விழுந்தார்.

திருப்பிப் போட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினேன். ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கீழே ஏதோ முறிகிற மாதிரி கையில் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. இரண்டு நிமிடத்திலேயே தோள் விட்டுப்போகும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். 108 வரும்வரை மூன்று பேர் மாறி மாறி அமுக்கினோம். ஆஞ்சியோவில் குழாய் எல்லாம் சுத்தமாக இருந்தது. பிறவியிலிருந்தே இதயத்தசை தடிமன் என்றார்கள். இப்போது நெஞ்சுக்குள் ஷாக் கொடுக்கும் சின்னக் கருவி வைத்திருக்கிறார். இரண்டு விலா எலும்பு முறிந்து ஆறிவிட்டது, அதை இன்றும் தொட்டுக் காட்டுவார்.

கோபி பக்கமிருந்து:

எங்கள் அம்மாவுக்கு வலியே இல்லைங்க. 20 வருடமாகச் சர்க்கரை. காலையில் வாசல் கூட்டும்போது கிறுகிறுப்பு, வாந்தி, வேர்வை, அவ்வளவுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, ஹார்ட் அட்டாக் என்று சொல்லி, உடனே 14 மாத்திரையை எண்ணிக் கொடுத்து விழுங்க வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டம் அது. சர்க்கரை உள்ளவர்கள் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம் ஒரு சந்தேகம். தனியாக இருக்கும்போது ஹார்ட் அட்டாக் வந்தால் பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

காங்கயத்திலிருந்து மறுபடியும்:

அதை நம்பாதீங்க அக்கா. இதயம் நின்றவருக்கு நினைவே இருக்காது, எப்படி இருமுவார்? ஹார்ட் அட்டாக்கில் நினைவு இருக்கும், ஆனால் இருமினால் அடைப்பு போகாது. 108-க்கு அடித்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகவும் கூடாது, நடுவழியில் இதயம் நின்றுவிடலாம்.

பள்ளிபாளையத்துத் தம்பி எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் தென்னைமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு விழுந்த இடம் ஆஸ்பத்திரி. அந்தத் தம்பிக்கு எழுது கண்ணு, அவரு கூடவே நின்னாரு, வுட்டுப்போட்டு ஓடலையே" என்றார்.