ஒரே கிரனைற்றுக்கு இரண்டு வயது வருகிறது, எதை எடுப்பது?

வலிகாமத்துப்பெடியன்:
வணக்கம். புவிச்சரிதவியல் படிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கு தோண்டினாலும் சுண்ணக்கல்தான், அதனால் தீப்பாறையைக் கையில் எடுத்துப் பார்த்ததே குறைவு. ஊடுருவிய கிரனைற்றில் சிர்க்கோன் என்ற கனிம மணியை எடுத்து யுரேனியம்-ஈயம் அளந்தால் ஒரு வயது, அதே கல்லின் கறுப்பு மைக்காவில் பொற்றாசியம்-ஆகன் அளந்தால் குறைந்த வயது வருமாம். அப்படியென்றால் ஒன்று பிழையா? இலங்கையின் தோணிகல கிரனைற்றுக்குச் சொல்லும் சுமார் 55 கோடி ஆண்டு எதிலிருந்து வந்தது?

கருங்கல்_காதலன்:
இரண்டும் சரியாக இருக்கலாம் தம்பி. அந்த 55 கோடி சிர்க்கோனில் கிடைத்தது. சிர்க்கோன் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டத்தட்ட உள்ளே விடவே விடாது, ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியத்தின் கதிரியக்கத் தேய்வில் வந்ததுதான், 900 பாகைக்கு மேலும் அது எளிதில் வெளியேறாது. மைக்காவில் பொற்றாசியம் தேய்ந்து உண்டாகும் ஆகன் ஒரு வாயு. பாறை 300 பாகை அளவுக்குக் குளிரும்வரை அது தப்பிக்கொண்டே இருக்கும், அதற்குப் பிறகுதான் சேரத் தொடங்கும். எனவே சிர்க்கோன் சொல்வது பாறைக்குழம்பு பளிங்கான காலம், மைக்கா சொல்வது குளிர்ந்த காலம். ஆழத்தில் கிடந்த கிரனைற்றுக்கு இடையில் கோடிக்கணக்கான ஆண்டுகள் போகும். ஊடுருவிய வயது வேண்டுமென்றால் சிர்க்கோன்தான்.

நிலாவரை:
மேலே சொன்னதோடு ஒன்று, இதில்தான் பலர் சறுக்குவார்கள். எல்லாச் சிர்க்கோனும் அந்தக் கிரனைற்றில் பிறந்ததில்லை. உருகிய பழைய பாறையின் மணி கரையாமல் தங்கி, அதன்மேல் புதுப்படை வளர்ந்திருக்கும். முழு மணியையும் கரைத்து அளந்தால் இரண்டும் கலந்த, எதற்கும் உதவாத வயதுதான் வரும். அதனால் முதலில் மணியின் உட்படத்தை எடுத்து, விளிம்பில் மட்டும் லேசரால் சுட்டு அளப்பார்கள். யுரேனியம் 238-இன் அரைவாழ்வு (பாதி தேய்ந்துபோகும் காலம்) சுமார் 447 கோடி ஆண்டு, 235-க்கு 70 கோடி. ஒரே பளிங்கில் ஓடும் இந்த இரண்டு கணக்கும் ஒத்துவந்தால் நம்பலாம், ஒத்துவராவிட்டால் ஈயம் கசிந்திருக்கும் அல்லது கலப்பு.

வலிகாமத்துப்பெடியன்:
ஓம், இப்ப விளங்குது. அப்போ வெடிப்பில் நுழைந்து இறுகிய கருந்தீப்பாறைச் சுவரான டொலரைற் டைக்குக்கும் சிர்க்கோன்தானா? எங்கள் சுண்ணக்கல்லுக்கும் பார்க்கலாமா?

கருங்கல்_காதலன்:
டொலரைற்றில் சிலிக்கா குறைவு, சிர்க்கோன் கிடைப்பதே அரிது. பெடிலியைற் என்ற கனிமம் இருந்தால் அதில் யுரேனியம்-ஈயம் பார்ப்பார்கள், இல்லையென்றால் ஆகன்-ஆகன், அதாவது பொற்றாசியம்-ஆகன் முறையின் மேம்பட்ட வடிவம். மெல்லிய டைக் மேலோட்டில் வேகமாகக் குளிர்ந்துவிடும், எனவே அங்கே ஆகன் வயதும் ஊடுருவிய வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சுற்றியுள்ள பழைய பாறையிலிருந்து கூடுதல் ஆகன் நுழைந்திருந்தால் வயது கூடிக் காட்டும், படிப்படியாகச் சூடாக்கி அளப்பது அதைப் பிடிக்கத்தான். யாழ்ப்பாணச் சுண்ணக்கல் மயோசீன் கால அடையற்பாறை, அதில் சிர்க்கோன் மணி அகப்பட்டாலும் அது எங்கிருந்தோ அடித்துவரப்பட்ட மணியின் வயதைத்தான் சொல்லும். அதற்கு உயிர்ச்சுவடுதான் வழக்கமான வழி.

நிலாவரை:
மாதிரி எடுக்கப் போனால் வெளியே உக்கிய தோலை விட்டு உள்ளே இருக்கும் புதுக்கல்லை உடைத்து எடுங்கள், உக்கிய மைக்காவிலிருந்து ஆகன் கசிந்திருக்கும். அந்த டைக் எந்தப் பாறையை வெட்டிச் செல்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டியதைவிட வெட்டப்பட்டது இளையதாக வந்தால் ஆய்வுகூடத்து எண்ணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.