"இதை யார் கேட்டது?": பெரிய கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம்

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய நிறுவனம், தன் ஆலை பம்புகளில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் சீக்கிரம் தேய்ந்து ஒழுகுவதாகவும், வெளியாட்கள் வழி சொல்லலாம் என்றும் அறிவித்தது. மணல் கலந்த தண்ணீர்தான் காரணம். எங்கள் பக்கத்து போர்வெல் பம்புகளில் இதே தொல்லையைப் பார்த்துப் பழகியதால் என்னிடம் ஒரு யோசனை இருந்தது.

புத்தாக்கப் பிரிவில் இருந்தவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். மாதிரி செய்து கொடுத்தேன். சோதனையில் பழைய சீலைவிட நன்றாகவே தாங்கியது. அப்புறம் ஃபைல் பர்சேஸுக்குப் போனது. வெண்டர் கோட் (சப்ளை செய்பவருக்குக் கம்பெனி தரும் பதிவு எண்) கேட்டார்கள், மூன்று வருட பேலன்ஸ் ஷீட் கேட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கொட்டேஷனும் கேட்டார்கள். நான் மட்டுமே செய்யும் பொருளுக்கு இன்னொரு கொட்டேஷனுக்கு எங்கே போவது? கடைசியில் ஆலை மேனேஜரைப் பார்த்தேன். "இதை யார் கேட்டது?" என்றார். ஒழுகுவது அவருடைய பம்பு. ஆனால் அப்படி ஒரு அறிவிப்பு வந்ததே அவருக்குத் தெரியாது. பதினொரு மாதம் இப்படியே போனது.

ஒரு காரியம் சரியாகச் செய்திருந்தேன். வரைபடத்தைக் காட்டும் முன்பே தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிட்டேன். தனிநபர் ஆன்லைனில் போட 1,600 ரூபாய்தான். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. அவர்கள் நீட்டிய, பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தத்தில், பேச்சின்போது உருவாகும் எந்த மேம்பாடும் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு வரி இருந்தது. தேதியோடு விண்ணப்பம் கையில் இருந்ததால் அந்த வரியை எடுக்க வைக்க முடிந்தது. இன்று அதே சீலை வேறு இரண்டு இடங்களுக்குக் கொடுக்கிறேன்.

*

அண்ணா, நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். வேறொரு கம்பெனியில், இதே மாதிரிப் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். ஆலையைக் கேட்காமல் நாங்களும் அறிவிப்பு போட்டிருக்கிறோம். வந்தவர்களை அலைய விட்டதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

புராக்டர் அண்ட் கேம்பிள் என்ற பெரிய அமெரிக்க நுகர்பொருள் கம்பெனியின் கதையை எங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள். 2000இல் தலைமைக்கு வந்த ஏ.ஜி. லாஃப்லி, புதுமைகளில் பாதி வெளியிலிருந்து வர வேண்டும் என்றார். தங்கள் பிரிங்கிள்ஸ் உருளைக்கிழங்கு சிப்ஸ் மேல் எழுத்தும் படமும் அச்சிட நினைத்தபோது, என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதித் தங்கள் தொடர்புகளுக்கு அனுப்பினார்கள். இத்தாலியின் பொலோன்யாவில் சின்ன பேக்கரி நடத்திய ஒரு பேராசிரியரிடம், கேக் மேல் உண்ணத்தக்க மையால் அச்சிடும் முறை இருந்தது. 2004இல் பொருள் கடைக்கு வந்துவிட்டது. பேராசிரியர் கிடைத்ததைத்தான் எல்லோரும் வியப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தச் சிப்ஸை விற்க உள்ளே ஆள் காத்திருந்ததுதான்.

பிற்பாடு நாங்கள் ஒரு விதி வைத்தோம். ஆலையில் ஒருவர் கையெழுத்திட்டு, சோதனைச் செலவையும் தன் பட்ஜெட்டில் ஒதுக்கினால்தான் அறிவிப்பு வெளியே போகும். அறிவிப்புகள் பாதிக்கும் கீழே குறைந்தன. ஆனால் வந்தவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது.

*

நானும் வேறொரு பெரிய கம்பெனிக்கு மாதிரி செய்து கொடுத்தேன். அதற்கான பணம் ஏழு மாதம் நின்றது. சிறு தொழிலாக உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். தாமதமான பணத்துக்குப் புகார் சொல்லும் அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் போட்டேன். மூன்றாவது வாரம் கம்பெனிக்காரர்களே கூப்பிட்டார்கள். டெலிவரி சலானை மட்டும் பத்திரமாக வையுங்கள். மாதிரிதானே என்று சலான் போடாமல் கொடுத்த முதல் பெட்டிக்கு எனக்கு இன்னும் பணம் வரவில்லை.