புதுப்பிப்பு: பிக்கப் ஆயில் குடித்ததற்குக் காரணம் ரிங் இல்லை

போன மாசம் கேட்டிருந்தேனே, 2009 மாடல் டீசல் பிக்கப், 800 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் ஆயில் குறைகிறது, கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் நீலப் புகை என்று. பாதிப் பேர் "ரிங் (ஆயில் மேலே ஏறி எரியாமல் தடுக்கும் பிஸ்டன் வளையம்) போச்சு, இன்ஜினை இறக்கு" என்றீர்கள். தருமபுரியில் ஒரு பட்டறையிலும் அதையே சொன்னார்கள், அதுவும் பானெட்டைக்கூடத் திறக்காமல்.

மனசு கேட்காமல் காவேரிப்பட்டணத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார், புகை குபுகுபுவென்று வரவில்லை; கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம்) பார்த்ததில் நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல். ஆக, ரிங் மேல் தப்பில்லை என்றார். அப்புறம் இன்டர்கூலர் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை இன்ஜினுக்குள் போகும் முன் குளிர்விக்கும் பாகம்) ஹோஸைக் கழற்றினால் உள்ளே அரை டம்ளர் ஆயில்! டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் ரிட்டர்ன் பைப் கரி பிடித்து முக்கால்வாசி அடைத்திருக்கிறது, இறங்க வழியில்லாத ஆயில் டர்போவின் சீலைத் தாண்டி, காற்றோடு சேர்ந்து இன்ஜினுக்குள் போய் எரிந்திருக்கிறது. ஏர் ஃபில்டரும் மாந்தோப்புப் புழுதியில் அடைத்துக் கிடந்தது, அது என் தப்பு.

டர்போ ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, அதனால் மாற்றவில்லை. பைப், இன்டர்கூலர் இரண்டையும் கழுவி, கேஸ்கெட், ஃபில்டர், ஆயில் மட்டும் புதிது. இப்போது லோடோடு 1,100 கிலோமீட்டர் ஓடியாச்சு, டிப்ஸ்டிக்கில் ஒரு நூல்தான் இறங்கியிருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் லேசாகப் புகை இன்னும் வருகிறது, வால்வு சீலாக இருக்கும் என்கிறார் அண்ணன். மாங்காய் சீசன் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்.