அளந்த புள்ளிகளுக்குக் கணினியில் வளைகோடு பொருத்தும்போது முதல் யூகத்தை எங்கே வைத்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடலூரிலிருந்து:

எம்.எஸ்சி. ஜியாலஜி கடைசி வருடம், கடலூருக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பு ஓரத்தில் பம்பிங் டெஸ்ட் போட்டோம். ஒரு போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) ஜெனரேட்டர் வைத்து மோட்டார் ஓட்டி, கொஞ்சம் தள்ளி இருக்கும் இன்னொரு போரில் தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் விட்டு அளக்க வேண்டும். டேப்பின் நுனி தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று சத்தம் வரும், உடனே படித்து எழுத வேண்டும், முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு ஒரு தடவை. அடியில் இருப்பது கடலூர் மணற்கல், நம் ஊர் பெயரிலேயே இருக்கிற பாறை. அது தண்ணீரை எவ்வளவு சுலபமாகக் கடத்தும், எவ்வளவு தேக்கி வைக்கும், இந்த இரண்டு எண்கள்தான் எங்களுக்குத் தேவை.

தண்ணீர் இறைக்கும்போது மட்டம் எப்படி இறங்கும் என்று தைஸ் 1935இல் கொடுத்த சமன்பாட்டுக்குள் இந்த இரண்டும் பின்னிக் கிடக்கும், நேராகப் பிரித்து எடுக்க முடியாது. பழைய ஆட்கள் லாக் (மடக்கை) தாளில் புள்ளி வைத்து, டிரேசிங் தாளில் இருக்கும் வளைகோட்டை அதன்மேல் தள்ளித் தள்ளிப் பொருத்துவார்கள். கணினியில் லெவன்பர்க்-மார்க்வார்ட் என்ற பொருத்தும் முறை செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்: ஒரு யூகத்தில் தொடங்கி, பிழைகளின் வர்க்கத்தைக் கூட்டிப் பார்த்து, குறைகிற பக்கம் ஓர் அடி வைக்கும்; பிழை குறைந்தால் அடுத்த அடி தாராளமாக, கூடிவிட்டால் அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு சரிவைப் பார்த்துச் சின்னதாக.

நான் இரண்டுக்கும் முதல் யூகம் 1 என்று போட்டேன். சில சுற்றிலேயே கடத்துதிறன் மைனஸில் போய்விட்டது, மைனஸ் கடத்துதிறன் என்று இயற்கையில் ஒன்று கிடையாது, அப்புறம் எல்லாம் விடையில்லாத வெற்று எண்கள். ஒரு ராத்திரி முழுக்க அதோடு போராடினேன். எண்ணுக்குப் பதில் அதன் லாகைத் தேடச் சொன்னால் மைனஸுக்குப் போக வழியே இல்லை; தொடக்க யூகத்தையும் கூப்பர்-ஜேக்கப் 1946இல் சொன்ன நேர்கோட்டு முறையில் கையால் போட்டு எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு கடகடவென்று முடிந்துவிட்டது.

ஆனால் இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. விடை வந்த சந்தோஷத்தில் அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சார், "மிச்சப் பிழையை வரைந்து பார்த்தியா?" என்று கேட்டார், அதாவது அளந்ததற்கும் வளைகோடு சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை. வரைந்தேன். முதல் மூன்று மணி நேரத்தில் புள்ளிகள் கோட்டுக்கு மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டமாக வளைந்து கிடந்தன; அதற்குப் பிறகு அளந்த இறக்கம் வளைகோட்டைவிட வேகமாகக் கூடிக்கொண்டே போனது. நோட்டைப் புரட்டினேன். டெஸ்ட் தொடங்கியது காலை ஆறு, பிசகு ஒன்பதிலிருந்து. அன்றைக்கு ஒன்பது மணிக்குத்தான் மும்முனை மின்சாரம் வந்தது, பக்கத்துக் கொல்லை மோட்டார் ஓடத் தொடங்கியிருக்கிறது! அந்த மோட்டார் இறக்கிய தண்ணீரையும் சேர்த்துக் கணக்கில் வைத்துக்கொண்டு, பாறை தண்ணீரைச் சரியாகக் கடத்தாது என்று கணினி எனக்கு விடை கொடுத்திருக்கிறது. ஒன்பதுக்கு முந்தைய புள்ளிகளை மட்டும் கொடுத்தபோது கடத்துதிறன் கணிசமாகக் கூடியது. நாம் கொடுத்த தரவுக்குக் குறைந்த பிழையைக் கணினி தேடும், அவ்வளவுதான். தரவுக்குள் யாருடைய மோட்டார் ஓடுகிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து:

அண்ணா, எனக்கும் இதே மாதிரி ஒன்று. ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருள்) தூளில் எக்ஸ்ரே பட்டுச் சிதறும் கோலத்தை அளந்து, அதற்குப் படிக அமைப்பிலிருந்து கணக்கிட்ட வளைகோட்டை ரீட்வெல்ட் முறையில் பொருத்திக்கொண்டிருந்தேன் (1969இல் வந்த முறை, இன்றும் தூள் படிகம் என்றால் அதுதான்). ஆர்வத்தில் எல்லா மாறிகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டேன். பிழை எண் அழகாக இறங்கியது, துள்ளிக் குதித்தேன். பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா ஆக்சிஜன் வரிசையில் விரலை வைத்தார்: அதிர்வு அளவு மைனஸில் இருக்கிறது. ஓர் அணு தன் இடத்திலிருந்து எவ்வளவு அசைகிறது என்பதன் வர்க்கம் அது, எப்படி மைனஸ் ஆகும்? "முதலில் அளவுகோலும் பின்னணியும், அப்புறம் படிகக் கூட்டின் நீளம், அப்புறம் சிகரத்தின் வடிவம், அணுக்களைக் கடைசியில் தொடு" என்றார். அந்த வரிசையில் போனபோது பிழை எண் முன்பைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஒவ்வொரு எண்ணையும் நம்ப முடிந்தது. ஆமாம், டெஸ்ட்டைத் திரும்பப் போட்டீர்களா?

கடலூரிலிருந்து:

போட்டோம்மா. கொல்லைக்காரப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ராத்திரியில் வாங்க தம்பி, மும்முனை இருக்காது, நானும் மோட்டார் போட மாட்டேன்" என்றார். டார்ச் வெளிச்சத்தில் அளந்தோம், நடுவில் அவரே டீ கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் வரைந்த மிச்சப் பிழையில் புள்ளிகள் பூஜ்யக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தன. இப்போதும் அந்தப் படத்தை வைத்திருக்கிறேன்.